ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

சற்குணத்துக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது ஒஸ்லோவின் புருசெத்தில் குடியிருக்கும் தமிழர் எல்லாருக்கும் தெரியும். பெயர் வைத்தவர்கள் ஆளைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள் என்று அவளுடைய கணவர் ஆனந்தராஜாவே சொல்லிச் சிரிப்பார். அதையும் அவள் குசினியில் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வார்.

ஆனால் அவள் வேலை செய்யும் பார்னஹாகேயில், அதுதான் அந்தச் சிறுபிள்ளைகள் பள்ளியில், அவளுடைய குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை. இரண்டு வயசுப் பிள்ளை ஒன்று இன்னொன்றைக் கடித்துவிட்டால் முழங்காலில் இருந்து, அதன் கண்ணைப் பார்த்து, வாய் கதைக்கத்தான் இருக்கிறது, கடிக்க இல்லை என்று நோர்வேஜிய மொழியில் மெல்லச் சொல்வாள். பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். பகல் முழுக்க இப்படி அடக்கி வைத்த கோபம், பின்னேரம் அவளோடு டி-பானே ரயிலில் ஏறி வீட்டுக்கு வரும். வீட்டில் உள்ளவர்கள்தான் அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அது வெறும் விசர்க் கோபமும் இல்லை. இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் அவள் மீன் வெட்டினாள். அங்கே முதலில் நோர்வேஜியர்கள் கோப்பி குடிக்கப் போவார்கள். அவர்கள் வந்த பிறகுதான் தமிழர்கள் போகலாம், அதற்குள் கோப்பி ஆறிப்போய்விடும். எல்லாரும் முணுமுணுத்தார்கள். சற்குணம் ஒருநாள் போய் மீன் வருகிற பட்டியை நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு, கோப்பி குடிக்கப் போனாள். மேற்பார்வையாளன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். அடுத்த கிழமையில் இருந்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கோப்பி. வெளியில் சொல்லாமல் புழுங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு அன்றிலிருந்தே பிடிக்காது.

அப்படிப்பட்டவள் ஒரேயொரு விசயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தாள். அது பிள்ளைகளின் படிப்பு.

அதற்கு மூத்தவன் ரிஷிகேசன் காரணம். அவனுக்கு ட்ரொண்ட்ஹைமில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது சற்குணம் கேக் வெட்டி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சொல்லித் தீர்த்தாள். அவன் ஒரு வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்து தொலைபேசிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் சந்தோசமாகத்தான் இருந்தான். ஊர்தான் விடவில்லை. கல்யாண வீட்டில், கோவிலில், மரக்கறிக் கடையில், கண்ட கண்ட இடமெல்லாம் ஒரே கேள்வி: "மகன் இப்ப படிப்பு முடிக்கிற கட்டமோ?" எல்லாம் தெரிந்துகொண்டு, வாய்க்குள் சிரித்தபடி கேட்கிற கேள்வி. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. மகள் யதுர்ஷாவின் விசயத்தில் இடம் கையில் வந்து, பிள்ளை விமானம் ஏறும் வரைக்கும் மூச்சு விடுவதில்லை என்று அன்று முடிவெடுத்தாள்.

இது சற்குணத்தின் வியாதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சனம் வீடு வாங்கினால் பால் காய்ச்சக் கூப்பிடும். கார் வாங்கினால் அதைக் காட்டுவதற்கென்றே கோவிலுக்கு வரும். பிள்ளை எங்கே படிக்க விண்ணப்பித்திருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். "இன்னும் ஒண்டும் யோசிக்கேல்லை" என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தசைகூட அசையாது. கண்ணூறு, நாவூறு என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருப்பார்கள். உண்மைக் காரணம், பிள்ளை தோற்றால் ஊர் சிரிக்கும் என்ற பயம்தான்.

யதுர்ஷாவுக்கு டொக்டராக வரத்தான் விருப்பம். யாரும் தள்ளிவிடவில்லை, அவளுடைய சொந்த விருப்பம் அது. நல்ல புள்ளிகள் இருந்தன. ஆனால் நோர்வேயில் மருத்துவம் படிக்க நல்ல புள்ளி போதாது, எல்லாப் பாடத்திலும் உச்சப் புள்ளி வேண்டும். அந்த வருடங்களில் இங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் போய் ஆங்கிலத்தில் மருத்துவம் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். நோர்வே அரசே அதற்குப் படிப்புக் கடனும் கொடுத்தது. 2007 தை மாதத்தில் யதுர்ஷாவும் போலந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள்.

"ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டக் கூடாது" என்றாள் சற்குணம்.

"தக்சிலாவுக்குமோ அம்மா?"

"அவளுக்குத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாது."

தக்சிலா எதிர்வீட்டுப் பிள்ளை. யதுர்ஷாவும் அவளும் ஒரே மாடியில் வளர்ந்து, ஒரே வகுப்பில் படித்து, தினமும் ஒரே டி-பானேயில் பள்ளிக்குப் போய் வந்தவர்கள். தக்சிலாவின் தாய் உதயகுமாரிக்கும் சற்குணத்துக்கும் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒருத்தி வீட்டுத் திறப்பு மற்றவள் கையில் இருக்கும். சற்குணத்துக்குப் பித்தப்பை எடுத்தபோது மூன்று கிழமை சமைத்துக் கொண்டுவந்தவள் குமாரிதான். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் கதைப்பார்கள்.

"யதுர்ஷா நேர்சிங்தான் அக்கா செய்யப் போறாவோ?"

"ஓம், இஞ்சை ஒஸ்லோவிலையே செய்யட்டும். தக்சிலா?"

"அவள் இன்னும் ஒண்டும் யோசிக்கேல்லை. ஒரு வருசம் கடையிலை வேலை செய்யப் போறாளாம்."

இரண்டு பேரும் பொய். இரண்டு பேரும் மற்றவள் கொண்டுவந்த பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டு சொன்ன பொய்.

மாசி மாதத்தில் ஒருநாள் சற்குணம் எதிர்வீட்டுக்குப் போனபோது தக்சிலாவின் தோளில் செல்லமாகத் தட்டினாள். பிள்ளை "ஆ" என்று சுருண்டுபோனது.

"என்ன பிள்ளை?"

"கைப்பந்து விளையாடேக்கை பட்டிட்டுது அன்ரி."

பிறந்த நாளில் இருந்து ஒரு பந்தைத் தொட்டறியாத பிள்ளை அது. சற்குணம் அதை அப்போது யோசிக்கவில்லை. பிறகு ஆடி மாதத்தில் யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தலை வெடித்தது.

ஆடி மாதத்தில் போலந்தில் இருந்து பதில் வந்தது. இடம் உண்டு. யதுர்ஷா குசினியில் நின்று துள்ளினாள், ஆனந்தராஜா கண்ணைத் துடைத்தார். பிறகு அவள் மீதியையும் வாசித்தாள். வைத்தியசாலையில் நோயாளிகளைத் தொட்டுப் படிக்கப்போகிற பிள்ளைகள் எல்லாரும் மஞ்சட்காமாலைத் தடுப்பூசியை முழுவதுமாகப் போட்டு முடித்து, அதற்கான அத்தாட்சியோடுதான் ஒக்டோபரில் வர வேண்டும். அத்தாட்சி இல்லாதவர்களின் இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

அதற்கென்ன, ஓர் ஊசிதானே என்று போனார்கள். ஆடி மாதத்தில் நோர்வே முழுக்க விடுமுறையில் கிடக்கும். அவர்களுடைய குடும்ப வைத்தியரும் எங்கோ கடற்கரையில் கிடந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த இளம் வைத்தியர் கணினியில் அட்டவணையைப் பார்த்தார். மொத்தம் மூன்று ஊசி. முதலாவது இன்றைக்கு, இரண்டாவது அடுத்த மாதம், மூன்றாவது ஆறு மாதத்துக்குப் பிறகு. அதாவது அடுத்த தை மாதம். நிலைமையைச் சொன்னபோது வருத்தமாகத் தலையை ஆட்டினார். முதல் ஊசியைப் போட்டு அனுப்பினார், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். அலுவலகம் பூட்டு, புரட்டாதியில் திறப்போம் என்று இயந்திரம் பதில் அனுப்பியது.

யதுர்ஷா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்ளும் அவள் விம்முவது கேட்டது. பிறகு வெளியில் வந்து தன் அறைக்குள் போய், மனம் பொறுக்காமல் தக்சிலாவை எடுத்து நெடுநேரம் தொலைபேசியில் கதைத்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"அம்மா, தக்சிலாவுக்கும் இடம் கிடைச்சிருக்காம். அதே யூனிவர்சிற்றி."

"என்ன?"

"அவள் மாசியிலையே ஊசி தொடங்கியிட்டாளாம். கடைசி ஊசி ஓகஸ்டிலையாம். போன வருசம் போன ஆரோ ஒரு சொந்தக்காரர் அன்ரிக்குச் சொன்னவையாம், நேரத்துக்குத் தொடங்க வேணும் எண்டு."

கைப்பந்து! சற்குணம் செருப்பைக்கூடப் போடவில்லை. எதிர்வீட்டு மணியை அடிக்கவும் இல்லை. கையில் இருந்த திறப்பால் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

உதயகுமாரி மேசையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டாள்.

"குமாரி, உனக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

"அக்கா, இருங்கோ..."

"இருக்க வரேல்லை. என்ரை பிள்ளையும் உன்ரை பிள்ளையும் ஒரு கோப்பையிலை சாப்பிட்டு வளந்ததுகள். ஊசி போட வேணும் எண்டு ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லுச் சொல்ல உனக்கு வாய் வரேல்லையே?"

"நான் எப்படி அக்கா சொல்லுறது? நீங்கள் நேர்சிங் எண்டெல்லே சொன்னனீங்கள்!"

"நீ மட்டும்? கடையிலை வேலை எண்டனீ! கைப்பந்தாம் கைப்பந்து!"

"நீங்கள் ஒளிச்சனீங்கள், நானும் ஒளிச்சனான். உங்கடை பிள்ளை போலந்துக்குப் போடுறாள் எண்டு எனக்கு என்ன சாத்திரமே தெரியும்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

சற்குணம் குமாரி வீட்டுத் திறப்பைக் கத்தரிக்காய்த் துண்டுகளுக்குள் எறிந்தாள். "இண்டையோடை சரி" என்றாள். கதவை அடித்த அடியில் மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தவள் மகளின் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன செய்தனீ? நாள் முழுக்க அவளோடைதானே திரிஞ்சனீ. ரெயினிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்துகொண்டு அப்படி என்னத்தைக் கதைச்சனீங்கள்?"

யதுர்ஷா கத்தவில்லை. கத்தியிருந்தால் சற்குணத்துக்கு லேசாக இருந்திருக்கும்.

"படத்தைப் பற்றிக் கதைச்சம். சப்பாத்தைப் பற்றிக் கதைச்சம். ஆறு மாசம் நான் அவளுக்குப் பொய் சொன்னனான், அவள் எனக்குப் பொய் சொன்னவள். நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், அவளுக்குத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாது எண்டு."

ஆனந்தராஜா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். சற்குணம் குசினிக்குள் போய், கழுவி வைத்திருந்த சட்டிகளை எல்லாம் திரும்பவும் கழுவினாள்.

ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை ஒஸ்லோத் தமிழரின் கோடைகால விளையாட்டு விழா. சற்குணம் வரமாட்டேன் என்றுதான் நின்றாள். ஆனால் ரோல்ஸ் பொரிக்க ஒப்புக்கொண்டிருந்தாள், சொன்ன வேலையைச் செய்யாமல் விடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. மைதானத்து ஓரத்துக் கூடாரத்தில் எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் நின்று பொரித்தாள். நான்கு கூடாரம் தள்ளி உதயகுமாரி கொத்துரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும் பாடுபட்டார்கள்.

ரோல்ஸ் வாங்க வந்த ஒரு பெண், பெயர்கூடச் சரியாகத் தெரியாத பெண், காசைக் கொடுத்துக்கொண்டே சிரித்தாள்.

"மகள் என்ன செய்யப் போறா அக்கா?"

சற்குணத்தின் வாய் பழக்கத்தில் திறந்தது. "இன்னும் ஒண்டும்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். கரண்டியை வைத்தாள். அடுப்பை நிறுத்தினாள். மைதானத்துக்குக் குறுக்கே, சாக்கு ஓட்டத்துக்கு நின்ற பிள்ளைகளுக்கு நடுவால், நேரே அறிவிப்பு மேசைக்கு நடந்தாள்.

அங்கே சூசைரட்ணம் மாஸ்டர் ஒலிவாங்கியோடு நின்றார். எந்த விழா என்றாலும் அறிவிப்பாளர் அவர்தான். "அடுத்த நிகழ்ச்சியாக, பத்து வயதுக்குட்பட்டோருக்கான..." என்று இழுத்துக்கொண்டிருந்தவரின் கையில் இருந்து அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேளுங்கோ. நான் புருசெத் சற்குணம். என்ரை மகள் யதுர்ஷா நேர்சிங் படிக்கப் போகேல்லை, அது நான் சொன்ன பொய். அவள் போலந்திலை டொக்டருக்குப் படிக்கப் போட்டவள். இடமும் கிடைச்சிட்டுது. ஆனால் மூண்டு ஊசி போட வேணுமாம், அதுக்கு ஆறு மாசம் வேணுமாம், ரெண்டு மாசம்கூட இல்லை. எனக்குத் தெரியாது. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை, எனக்கு ஒருத்தரும் சொல்லவும் இல்லை. இஞ்சை நிக்கிற உங்களிலை கனபேற்றை பிள்ளையள் உந்த வழியாலை போனதுகள்தான், எனக்குத் தெரியும். இதுக்கு என்ன செய்யிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் தயவு செய்து சொல்லுங்கோ. ஒரு பிள்ளையின்ரை படிப்பு. கையெடுத்துக் கும்பிடுறன்."

ஒலிபெருக்கி அவளுடைய குரலைக் காட்டுப்பக்கம் வரை கொண்டுபோனது. மைதானம் அடங்கிப்போனது. சாக்குக்குள் நின்ற ஒரு சின்னன் தடக்கி விழுந்தது, அதைத் தூக்கவும் யாருமில்லை. சற்குணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார். ஒருத்தி கைக்குழந்தையின் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டாள். கொத்துரொட்டித் தட்டும் சத்தம் நின்றிருந்தது. அவளுடைய மகள் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

சூசைரட்ணம் மாஸ்டர் பக்குவமாக ஒலிவாங்கியை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"அடுத்ததாகக் கயிறிழுத்தல்" என்றார்.

சற்குணத்துக்கு அந்த நேரம் வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மீன் தொழிற்சாலையில் அவள் பட்டியை நிறுத்தியபோது பின்னால் பதினைந்து பேராவது கையுறையைக் கழற்றினார்கள். இங்கே இத்தனை நூறு பேர், எல்லாரும் கோவிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர்கள், கல்லுப்போல நின்றார்கள். மீதி ரோல்ஸை அப்படியே விட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பின்னேரம் ஆறு மணிபோல முதல் தொலைபேசி வந்தது.

"சற்குணமக்கா, நான் ஹவுகெட்டோவிலை இருந்து மரியரஞ்சனி கதைக்கிறன். பக்கத்திலை ஒருத்தரும் இல்லையே?"

"இல்லை. ஏன்?"

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்ரை மகன் இருக்கிறானெல்லே, ரஜீவன், அவன் புடாபெஸ்டிலைதான் படிக்கிறான். டொக்டருக்குத்தான்."

சற்குணம் கதிரையில் இருந்துவிட்டாள். "பேர்கனிலை எண்டனீங்கள்? வைகாசியிலையும் கோவிலிலை வைச்சு, பேர்கனிலை ஒரே மழையாம், பிள்ளைக்குத் தடிமனாம் எண்டு சொன்னனீங்களே? நான் பாவம் எண்டு கொத்தமல்லி வறுத்துத் தந்து விட்டனான்!"

"அது புடாபெஸ்டுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது அக்கா. நல்ல குணமாம். இஞ்சை கேளுங்கோ, ஊசிக்கு வழி இருக்கு. எங்களுக்கும் போன வருசம் இதே பிரச்சினை. சாதாரண டொக்டரிட்டைப் போனால் ஆறு மாசம் எண்டுதான் சொல்லுவினம். தூர தேசம் போறாக்களுக்கு ஊசி போடுற இடம் இருக்கு, அங்கை போங்கோ. அவசரத்துக்கு மூண்டு கிழமையிலை மூண்டையும் போட்டு அத்தாட்சி தருவினம். ஒரு வருசத்துக்குப் பிறகு நாலாவது போட்டால் சரி. ரஜீவனுக்கு அங்கை ஏற்றுக்கொண்டவை."

மூன்று கிழமை. அவ்வளவுதான் விசயம். இவ்வளவு நாளும் பிள்ளை குளியலறையில் அழுததற்கு மருந்து இந்த ஒரு சொல்லுத்தான்.

"ரஞ்சனி, நீங்கள் இண்டைக்கு அந்த மைதானத்திலைதானே நிண்டனீங்கள்?"

"ஓம்..."

"நான் எல்லாருக்கும் முன்னாலை கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்கை, அங்கை வைச்சு இதைச் சொல்ல உங்களுக்கு என்ன வந்தது?"

"ஐயோ அக்கா, அவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ? அவன் இன்னும் ரெண்டாம் வருசத்துச் சோதினை எடுக்கேல்லை. தற்செயலா ஏதும் பிசகினால்... நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சற்குணம் நன்றி சொன்னாள். சொல்லத்தான் வேண்டும், பிள்ளைக்கு வழி காட்டியவள். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன நன்றி அது.

வைத்த கையோடு திரும்பவும் மணி அடித்தது. பூபாலசிங்கம், மட்டக்களப்புக்காரர், இரண்டு கட்டடம் தள்ளி இருப்பவர். அவருடைய மகன் துஷாந்தும் அதே போலந்துக்குத்தான் போகிறானாம், எந்த விமானத்தில் போனால் பெட்டிக்குக் கூட நிறை விடுவார்கள் என்று சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு ஒரு பெண் பெயர் சொல்லாமலே எடுத்து, மாணவர் விடுதியில் இடம் பிடிக்கிற முறையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இன்னொருவர் உதவி செய்ய எடுக்கவில்லை, யதுர்ஷாவுக்கு எத்தனை புள்ளி என்று அறிய எடுத்தார். அவருக்குச் சற்குணம் கொடுத்த ஏச்சில் ஆனந்தராஜாவே எழும்பி வந்து தொலைபேசியை வாங்கி வைத்தார்.

"எல்லாருக்கும் தெரியுது" என்று அவள் குசினிக்குள் கத்தினாள். "எல்லாற்றை வீட்டிலையும் ஒரு பிள்ளை பெட்டி கட்டுது! எல்லாரும் கோதாரி விழுந்த வாயை மூடிக்கொண்டு நிக்கினம்! ஒருத்தரையொருத்தர் கேட்டிருந்தால் ஒரு பிள்ளையும் அழுதிருக்காதே!"

"நீரும்தானே மூடிக்கொண்டு நிண்டனீர்" என்றார் ஆனந்தராஜா. நல்லகாலம், கோபத்தைக் காட்டக் குசினியில் சட்டிகள் இருந்தன, இல்லாவிட்டால் அவருடைய நிலைமை என்னவாகியிருக்கும் என்று தெரியாது.

திங்கட்கிழமை காலையிலேயே மரியரஞ்சனி சொன்ன இடத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த தாதிக்கு விளக்கம்கூடத் தேவைப்படவில்லை. போலந்தா, மருத்துவமா என்று கேட்டாள், கையை நீட்டச் சொன்னாள். போன மாதம் போட்ட ஊசியையும் கணக்கில் எடுத்தாள். ஓகஸ்ட் முடிவதற்குள் யதுர்ஷாவின் கையில் அத்தாட்சி இருந்தது. புரட்டாதியில் திறந்த பல்கலைக்கழக அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது.

இடம் கிடைத்தது, ஆனால் சற்குணத்தின் கோபம் ஆறவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தன் கதவைத் திறக்காமல் காத்து நிற்பாள். உதயகுமாரியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணியைச் சற்குணம் தனியே குடித்தாள். பிள்ளைகள் இருவரும் படிக்கட்டில் கண்டால் "ஹை" என்று சொல்லிக்கொண்டு விலகினார்கள். அதைக் காணும்போது அவளுக்கு வலிக்கும். அதுவும் குமாரியின் மேல் கோபமாகத்தான் வெளியில் வந்தது.

புரட்டாதி கடைசியில், விமான நிலையத்தில், போலந்து விமானத்துக்கான வரிசையில் நின்றபோது அவளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. முன்னால் பூபாலசிங்கம், மகன் துஷாந்தோடும் மூன்று பெட்டியோடும் நின்றார். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள். எல்லாப் பெட்டியிலும் மிளகாய்த்தூள் மணந்தது.

"என்ன அண்ணை, எங்கை பயணம்?" என்று ஒருவர் கேட்டார்.

"சும்மா, இவனை ஒருக்கா வழியனுப்ப வந்தம்" என்றார் பூபாலசிங்கம். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, மற்றவரும் கேட்கவில்லை. எதிரில் பெரிய எழுத்தில் நகரத்தின் பெயர் மின்னிக்கொண்டிருந்தது.

வரிசையின் வாலில் உதயகுமாரியும் தக்சிலாவும் வந்து நின்றார்கள். தக்சிலா கீழே பார்த்துக்கொண்டு பெட்டியின் கைபிடியைத் திருகினாள். உதயகுமாரி பலகையில் இல்லாத எதையோ வாசித்தாள்.

யதுர்ஷா தாயைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முதுகு சின்னப் பிள்ளையின் முதுகைப்போல் நடுங்கியது.

"அம்மா, ஒண்டு சொல்லட்டே? ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"என்ன பிள்ளை?"

"எனக்குப் பயமாக் கிடக்கு. சரியான பயம். எனக்குப் போக விருப்பமோ எண்டுகூட இப்ப தெரியேல்லை. அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை அம்மா."

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்தக் கோடை முழுக்கச் சேர்ந்த கோபம் எல்லாம் சற்குணத்தின் தலைக்கு ஏறியது. குமாரியின் மேல் இல்லை, மைதானத்தின் மேல் இல்லை. இந்தப் பிள்ளைக்கு இந்தச் சொல்லைப் பழக்கியவள் மேல். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பார்னஹாகேயில் இருபது பிள்ளைகளைக் கூப்பிடும் தொண்டை அது, எத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தாலும் தொண்டை தொண்டைதானே.

"தக்சிலா! இஞ்சை வா! உன்ரை சிநேகிதிக்குப் பயமாம்!"

"அம்மா!" என்று யதுர்ஷா கூசிப்போனாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நோர்வேஜியர்கள் மரியாதையாகப் பார்வையை எடுத்துக்கொண்டார்கள். தமிழர்கள் எடுக்கவில்லை.

தக்சிலா பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். வரும்போதே அழுதுகொண்டு வந்தாள்.

"எனக்கும்தான் அன்ரி. நான் ஒரு கிழமையா நித்திரை கொள்ளேல்லை."

இரண்டு பிள்ளைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவில் நின்று, ஆறு மாதத்து அழுகையை அழுதார்கள். துஷாந்த் தகப்பனைப் பார்த்தான். பிறகு அவனும் இரண்டு அடி அவர்களுக்குக் கிட்ட நகர்ந்து நின்றான்.

கவனிப்பாரற்று நின்ற பெட்டியை இழுத்துக்கொண்டு உதயகுமாரி வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

"உன்ரை பிள்ளை ஒரு கிழமையா நித்திரை இல்லையாம்" என்றாள் சற்குணம். குரலில் இன்னும் கோபம்தான் இருந்தது. "உனக்குத் தெரியுமே?"

உதயகுமாரி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"தெரியாதக்கா. என்னட்டையும் சொல்லேல்லை."

"என்ரை பிள்ளைக்குப் பயம் எண்டு எனக்கும் இப்பதான் தெரியும்" என்றாள் சற்குணம்.

வரிசை நகர்ந்தது. இருவரும் ஒரு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கி முன்னால் வைத்தார்கள்.